இரட்டைப் பாறைக்குள் நுழைந்த ஆக்ஸில்

மாங்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். ஓசூர் கம்பெனியில் வேலை செய்யும் மருமகன் போன் செய்தார். "அத்தை, அப்பா போயிட்டாருங்க" என்றார். பின்னால் கம்பெனிச் சங்கு ஊதியது. மாதப்பன் சம்பந்தியா? போன வாரம்தான் நாகரசம்பட்டிக்கு வந்து, எங்கள் கிரைண்டரைக் கவிழ்த்துப் போட்டு, பெல்ட் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுப் போனார். மனது நம்பவில்லை.

அவரோடு குவாரியில் வேலை செய்தவர்களுக்கும், அவர் வண்டியில் மலை இறங்கியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் அஞ்சாவது வரை படித்தவள். வண்டி விஷயத்தை எனக்குப் புரியும்படி அவர் சொன்னார். அப்படியேதான் நானும் சொல்லப்போகிறேன்.

பர்கூர் பக்கத்துக் குவாரியில் முதலில் கல் உடைத்தார், பிறகு டிரைவர் ஆனார். நாலு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டி ஒன்றைக் குவாரியில் கழித்துவிட்டபோது அவரே வாங்கினார். மலைமேல் இருந்த அவர் ஊருக்கு வேறு வண்டி ஏறாது. என் மகள் செல்வி வாழப்போனது அந்த ஊருக்குத்தான். அப்போது அவளுக்கு இரண்டாவது பிள்ளை உண்டாகி ஏழாம் மாதம். கீழே வா என்றால், "மாடும் சினையா இருக்குது, விட்டுட்டு எப்படி வர்றது?" என்றாள். அந்தச் சமயத்தில் வண்டி ஓடைப் பள்ளத்தில் முன்சக்கரம் முறிந்து படுத்துவிட்டது. மழைக்காலத்தில் பிரசவம். வண்டி எழுந்திருக்காவிட்டால் டோலி கட்டித்தான் அவளைத் தூக்கி வரவேண்டும்.

அந்த வண்டியின் முன்சக்கரங்கள் தனித்தனிக் கையில் ஆடுபவை. குழியில் திருப்பி அழுத்தினால் உள்ளிருக்கும் மூட்டு உடையும். "தனிக்கையே வேணாம். ரெண்டு சக்கரத்தையும் சேத்துப் புடிக்கிற ஒரே ஆக்ஸிலா போட்டுடறேன்" என்றார். ஓசூரில் பழைய சாமான் கடைக்கு என்னையும் கூப்பிட்டார்.

"நான் வந்து என்னாங்க பாக்கறது?"

"பொண்ணு பாக்க நாங்க ஒரு வேன் நிறைய வந்தோம். உங்க பொண்ணு ஏறப்போற ஆக்ஸிலைப் பாக்க நீங்க ஒருத்தராவது வாங்க சம்பந்தியம்மா."

அங்கே இரண்டு இருந்தன. ஒன்று பட்டாளத்து ஜீப்பினுடையது. அகலம் கச்சிதம். ஆனால் பல்சக்கரம் இருக்கும் உருண்டை அதில் வலது பக்கம் இருந்தது. எங்கள் வண்டியிலோ எஞ்சினிலிருந்து சுற்றி வரும் தண்டு இடது பக்கம் வருகிறது. இன்னொன்று சின்ன லாரியினுடையது. உருண்டை சரியான பக்கம், ஆனால் ஒரு சாண் அகலம் கூடுதல். ஊருக்குள் நுழையும் இடத்தில் இரட்டைப் பாறை இருக்கிறதே! பழைய வண்டியே கண்ணாடியை மடக்கித்தான் நுழையும். பாறையிடுக்கை அளந்த கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தனக்குள் பேசினார்: "இதுல எது நகரும், எது நகராது? தண்டு நகராது. உருண்டை நகராது. பாறை நகராது." திடீரென்று முகம் மலர்ந்தது. "ஜீப்பு ஆக்ஸிலைக் கவுத்துப் போட்டா? வலது இடதாயிடுமே!"

கூட இருந்த வெல்டிங்காரர் தெலுங்கில் "பாகுந்தி மாமா!", நல்லாயிருக்கு, என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

செல்விக்குத் துணையாக நானும் மலைமேல் போயிருந்தேன். மாட்டி முடித்து, ஊர் பார்க்க, சேற்றில் இறக்கினார். நாலு சக்கரமும் இழுக்கும் கம்பியைப் போட்டதும் வண்டி நின்ற இடத்திலேயே உதறியது. பின்சக்கரம் முன்னே தள்ளுகிறது, முன்சக்கரம் பின்னே தள்ளுகிறது.

"மாதப்பா, வண்டி போவுதா வருதா?" என்று கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார்.

"அதுக்கே தெரியல, வுடு!"

வேறொருவராக இருந்தால் முகம் சுண்டியிருக்கும். இவர் சேற்றில் படுத்து அடியில் பார்த்தார். வண்டியைத் தூக்கி நிறுத்தி, தண்டைக் கையால் சுற்றி, "சம்பந்தியம்மா, ஓடியாங்க! சுவர்க் கடிகாரத்தைப் பின்னாடியிருந்து பாத்தா முள்ளு எதிர்ப்பக்கம் சுத்துமில்ல? கவுத்ததுல அதேதான் ஆயிருக்குது!" என்று சிரித்தார். எனக்கும் அது அதிசயமாக இருந்தது. ஆனால் மேற்கே மேகம் கட்டியிருந்தது. வாசலில் செல்வி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள்தான் சொன்னாள், என்னிடம் சொல்வதுபோல, அவர் காதில் விழும்படி. "ஆயுசு பூரா கல்லு உடைச்சவரு, ஊர் வாசல்ல கெடக்கிற கல்லுக்குப் பயந்துக்கிட்டு ஆக்ஸிலைக் கவுக்கறாரும்மா."

அவர் பாறையை அளந்த கயிற்றை எடுத்தார். அதை நீட்டிப் பார்த்தார். மறுநாள் விடிந்ததும் இரட்டைப் பாறையில் உளிச் சத்தம் கேட்டது. வரிசையாகக் குழி தோண்டி, ஆப்பு இறக்கி, மாற்றி மாற்றிச் சம்மட்டியால் தட்டினார். பழைய குவாரி ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். சாயங்காலம் பாறையின் பக்கம் பலகைபோலப் பிளந்து விழுந்தது. "நகராதுன்னு நானே சொல்லிட்டேன், பாருங்க சம்பந்தியம்மா" என்றார். ஜீப் ஆக்ஸில் கடைக்கே திரும்பிப் போனது. லாரி ஆக்ஸில் வந்தது.

நல்ல மழையில்தான் செல்விக்கு வலி எடுத்தது. அவளை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாறையைத் தாண்டினோம். ஓடைப் பள்ளத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது, முறியும் சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்தேன். அவரும் தலையைச் சாய்த்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். முன்சக்கரங்கள் சேற்றைக் கவ்வி ஏறின. "இழுக்குது சம்பந்தியம்மா, இழுக்குது!" என்று கத்தினார். கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள். இப்போது ஒன்றாவது படிக்கிறாள். எங்கள் வீட்டுக் கடிகாரத்தைக் கழற்றிப் பின்புறம் பார்த்தவள். அதற்காக அவளுக்கு அடி விழவிடாமல் தடுத்தது நான்தான். அதில் எனக்குப் பெருமை.

ஓசூரில் மகனிடம் போயிருந்த இடத்தில் இறந்த அவரை அந்த வண்டியில்தான் ஊருக்குக் கொண்டுபோனார்கள். இரட்டைப் பாறை வந்ததும் பேத்தி வெளியே கை நீட்டி உளிக் குழிகளைத் தடவினாள். "இது ஏன் பாட்டி இப்படி இருக்குது?" என்றாள். சொன்னேன்.

நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் கேள்விதான். எது நகரும், எது நகராது? ஒரு தடவை கேட்டு முடிவு கட்டிவிடாமல், இரண்டாவது தடவையும் கேட்பது.