மாவு மில்லில் டி.வி. தெரிந்த வெள்ளிக்கிழமை

செஞ்சி பஜாரில் கமர் ஜஹானுக்குத் தெரியாமல் உலகத்தில் ஒரு மெஷினும் வெளிவந்துவிட முடியாது. அமெரிக்காவில் செய்தாலும் சரி, பெங்களூரில் செய்தாலும் சரி, காலைப் பேப்பரில் அது வந்துவிட்டால் போதும், இட்லி ஆறுவதற்குள் அவள் தீர்ப்பு தயார்.

அவளும் அவள் கணவர் நசுருதீனும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாவு மில் வைத்திருந்தார்கள். மெஷினுக்குப் பக்கத்தில் அவர், தராசுக்குப் பக்கத்தில் அவள். பெல்ட் ஓடுகிற சத்தத்தில் பேசிப் பேசி அவள் குரல் பெருத்துவிட்டது. மில் நின்ற பிறகும் அது இறங்காது. கல்யாண வீட்டில் அவள் யார் காதிலாவது ரகசியம் சொன்னால் பந்தியில் இருக்கிறவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். நசுருதீனுக்கோ மெஷின் சத்தத்தில் பேசுகிற பழக்கமே விட்டுப்போயிருந்தது. தலையை ஆட்டினால் ஆமாம், துண்டை உதறினால் இல்லை.

கேழ்வரகும் மிளகாயும் தூக்கிக்கொண்டு வந்து காத்திருக்கிறவர்களுக்கு அவள் பேப்பர் படித்துக் காட்டுவாள். அரசியல் பக்கத்தை அப்படியே புரட்டிவிடுவாள். அவளுக்கு வேண்டியது கம்பெனிச் செய்தி. எந்தக் கம்பெனி என்ன மெஷின் கொண்டுவருகிறது, அது யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது.

"கம்ப்யூட்டருக்கு வரி கொறைச்சுட்டாங்களாம். மாவு மில் பெல்ட்டுக்குக் கொறைச்சானுங்களா? கம்ப்யூட்டர் மொளகா அரைக்குமா?" என்பாள். சின்னக் கார் வருகிறது என்று போட்டிருந்தால், "எங்க வூட்டு ஆளுங்களை அதுல ஏத்துனா பாதிப் பேரு மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸுலதான் பின்னால வரணும்" என்பாள். முள் இல்லாத கடிகாரத்தை அவள் மன்னிக்கவே இல்லை. "கடிகாரம்னா ஓடணும். இது நின்ன எடத்துல நின்னு கண்ணடிக்குது!"

வாயால் சொல்லிவிட்டு விட்டுவிட மனசு கேட்கவில்லை. போஸ்ட் கார்டில் எழுதிச் சென்னைப் பேப்பருக்குப் போட ஆரம்பித்தாள். பெயர், 'செஞ்சி கமர்.' கடிகாரக் கடிதம்தான் முதலில் அச்சில் வந்தது. அன்றைக்கு மில்லை அப்படியே விட்டுவிட்டு, கையெல்லாம் மாவோடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு ஓடினாள். அங்கே ஆபரேட்டராக இருந்தவள் மீனம்பாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஊர்க்கோடித் தெருவிலிருந்து முதன்முதலாக சர்க்கார் வேலைக்குப் போன பெண் மீனம்பாள்தான். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே கடிதத்தைப் படித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில், திண்டிவனத்துக்கு லைன் கேட்டுக் காத்திருந்த யாரோ ஒருவர், "ஹலோ, இன்னாம்மா ஆச்சு?" என்று பதறிப்போனார்.

எண்பத்தைந்தில் ஒருநாள் பேப்பரில் பெரிய செய்தி. டி.வி. கம்பெனிகள் பெருகிவிட்டன, இனிச் சின்ன ஊர்களுக்கும் டி.வி. வரப்போகிறது என்று. அதே வாரம் பஜாரில் ராஜாங்கம் டி.வி. கடை திறந்து வாசலில் சீரியல் பல்பு தொங்கவிட்டிருந்தான். கமர் ஜஹானுக்குக் கை பரபரத்தது. அடுத்த வாரமே கடிதம் அச்சில் வந்தது.

'மலை சூழ்ந்த செஞ்சிக்கு டி.வி. எதற்கு? சென்னையிலிருந்து வரும் படம் ராஜகிரியில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். கோட்டையைப் பிடிக்க வந்த பட்டாளங்களே அப்படித்தான் நின்றன. டி.வி. வாங்குபவர்கள் அதன் மேல் பூந்தொட்டி வைத்துக்கொள்ளலாம். – செஞ்சி கமர்.'

மத்தியானத்துக்குள் ராஜாங்கம் பேப்பரோடு மில் வாசலில் வந்து நின்றான். அட்வான்ஸ் கொடுத்திருந்த வாத்தியார் ஒருவர் கடிதத்தைப் படித்துவிட்டு வேண்டாம் என்று திரும்பிவிட்டாராம்.

"கமரக்கா, இது நியாயமா? உன் மில்லுலதான எங்க வூட்டு மொளகாயே அரைக்குறோம்?"

"மொளகா வேற, கருத்து வேற."

"சரிக்கா, கருத்தையே எடுத்துக்கோ. ராஜகிரி எந்தப் பக்கம் இருக்குது?"

"மேற்கால."

"மெட்ராஸ்?"

கமர் ஜஹான் ஏற்கெனவே எடை போட்ட மிளகாயை மறுபடி தராசில் வைத்தாள். வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மெட்ராஸ் வடகெழக்கால இருக்குதுக்கா. படம் இன்னாத்துக்கு ஊரைச் சுத்தி வந்து ராஜகிரில முட்டணும்?"

"அப்ப வடக்கால கிருஷ்ணகிரி மலை இருக்குதில்ல? அதுல முட்டும்!" என்றாள், மூச்சை இழுத்துக்கொண்டு.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் டி.வி.ல பாட்டுப் போடுவாங்க. அன்னிக்கு உன் மில்லுலயே கொண்டாந்து வெக்கிறேன். படம் தெரிஞ்சா இன்னா செய்வ?"

"மைக்கு வெச்சு, தோத்துட்டேன்னு சொல்றேன். தெரியலன்னா உன் கடை வாசல்ல நானே பூந்தொட்டி வெக்கிறேன்."

நசுருதீன் துண்டை உதறினார். யாரும் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பஜாரே மில்லுக்கு வந்துவிட்டது. அரிசி மூட்டை மேல் டி.வி.யை வைத்தார்கள். கூரைமேல் நீளக் கம்பத்தில் மீன்முள் மாதிரி ஆன்டெனா. அதைத் திருப்புவதற்கு நசுருதீனைத் தவிர வேறு யாரும் அந்த ஓட்டில் ஏறத் தயாராக இல்லை. மீனம்பாள் வாசலில் நின்றுகொண்டாள். உள்ளே இருப்பவர்கள் சொல்வதை மேலே இருப்பவருக்குச் சொல்வது அவள் வேலை.

"லைன் கொடுக்குறது உனக்குப் பழக்கந்தான!" என்றாள் கமர் ஜஹான்.

ராஜாங்கம் சுவிட்சைப் போட்டான். திரை முழுக்க வெள்ளைப் புள்ளி கொதித்தது.

"ரவை சலிக்கிற மாதிரி இருக்குது," என்று கமர் ஜஹான் தீர்ப்பு சொன்னாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"பாய், கொஞ்சம் கெழக்கால!" என்று ராஜாங்கம் கத்தினான்.

"கெழக்கால திருப்புங்கண்ணே!" என்று மீனம்பாள் மேலே அனுப்பினாள்.

ஒரு தலை தெரிந்தது. பிறகு இரண்டு தலை. பிறகு ஒன்றுமில்லை. "வந்துச்சு!" "போச்சு!" "வந்துச்சு!" என்று மொத்தக் கூட்டமும் கத்தியது. அதற்குள் மில்லுக்குள் மூலைமுடுக்கில் படிந்திருந்த மிளகாய்த்தூள் இத்தனை கால்கள் மிதித்ததில் கிளம்பிவிட்டது. ஒருவர் தும்மினார், பக்கத்திலிருந்தவர் தும்மினார், டி.வி.யின் அருமை பெருமைகளைச் சொல்ல வாய் திறந்த ராஜாங்கம் ஒரு வாக்கியம்கூட முடிக்க முடியாமல் தும்மினான். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது திரையில் ஒரு பெண் ஆடிக்கொண்டிருந்தாள். துல்லியமாக. பாட்டும் கேட்டது.

கமர் ஜஹான் அலறிவிட்டாள். தான் தோற்றுவிட்டோம் என்பதே அவளுக்கு நினைவில்லை. மீனம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "மெட்ராஸ்லேர்ந்துடி! கம்பி இல்லாம, ஒன்னும் இல்லாம, நம்ம மொளகா மூட்டைக்கு நடுவுல வந்து ஆடுறாடி!"

மேலே நசுருதீன் கம்பத்தை விட்டுவிட்டு இறங்கப் பார்த்தார். படம் போய்விட்டது. பிடித்துக்கொண்டார். வந்துவிட்டது. ஊரே படம் பார்க்க, அவர் மட்டும் கூரையில் கம்பத்தோடு நின்றார். வாழ்க்கையில் முதன்முதலாக அவர் உரக்கக் கத்தினார்.

"கமரு! இன்னா தெரியுது?"

அந்தக் குரல் கேட்டு அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது. உடனே வாசலுக்கு ஓடினாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, தலையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்து அண்ணாந்து சொல்ல ஆரம்பித்தாள்.

"ஒருத்தி ஆடுறா! பின்னால அருவி கொட்டுது! பொடவை நல்ல பொடவை, கட்டுனதுதான் சரியில்ல! இப்ப ஒருத்தன் மரத்துக்குப் பின்னாலேர்ந்து வர்றான்! மீசை ஒட்டுமீசை! ஐய, வுழப் போறான், வுழப் போறான்... இல்ல, அதுவும் ஆட்டந்தானாம்!"

மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கம்பம் ஆடி, படமும் சேர்ந்து ஆடியது.

"சிரிக்காதீங்க, அவன் ரெண்டா தெரியுறான்!"

இடமில்லாமல் தெருவில் நின்றிருந்தவர்கள் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் சொல்வதைக் கேட்க ஆரம்பித்தார்கள். சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றினார்கள். உள்ளே இருந்தவர்களில் சிலர்கூட அவள் சொல்வதுதான் ருசியாக இருக்கிறதென்று வெளியே வந்துவிட்டார்கள். கடைசிப் பாட்டு முடிந்து நசுருதீன் இறங்கி வந்தபோது கை இரண்டும் மரத்துப்போயிருந்தன, முகம் மட்டும் மலர்ந்திருந்தது. "நல்லா இருந்துச்சு," என்றார், ஒன்றையும் பார்க்காதவர்.

ராஜாங்கம் மறக்கவில்லை. வாடகைக்கு எடுத்து வைத்திருந்த மைக்கை நீட்டினான். கமர் ஜஹான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"செஞ்சி ஜனங்களே, நான் தோத்துட்டேன். ராஜாங்கம் சொன்னது சரி. மலை படத்தை மறிக்காது. ஆனா ஒன்னு..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு நெடுநேரம் மைக் அவள் கையிலேயே இருந்தது. பாட்டு நிகழ்ச்சி வாரத்துக்கு ஒருநாள் மட்டும் என்பது எந்த ஊர் நியாயம்? கூரைமேல் ஓர் ஆளை நிறுத்திப் பார்க்கிற மெஷினை எப்படி முழு மெஷின் என்று விற்கலாம்? கம்பெனிக்காரன் ஒருநாள் வந்து அந்தக் கம்பத்தைப் பிடித்துப் பார்க்கட்டும். ராஜாங்கம் மைக்கைப் பிடுங்கப் போனான். கூட்டம் விடவில்லை.

மறுநாள் நசுருதீன் பழைய பெல்ட்டை வெட்டி, கம்பத்தைச் சுவரோடு இழுத்துக் கட்டினார். ராஜாங்கம் மில்லிலேயே விட்டுவைத்திருந்த டி.வி.யில் ஞாயிற்றுக்கிழமைப் படத்தை அவரும் உட்கார்ந்து பார்த்தார். பக்கத்தில் கமர் ஜஹான் வாய் மூடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் திரையைப் பாதி, அவள் முகத்தைப் பாதி பார்த்தார். அவள் சொல்லிக் கேட்டே பழகிவிட்டது.

ராஜாங்கத்துக்கு அந்த வருஷம் நல்ல வியாபாரம். திரும்பிப் போன வாத்தியாரும் வந்து வாங்கிக்கொண்டார். டி.வி. வாங்க வருகிறவர்கள் கேட்டார்களாம், "அந்த மில்லு அம்மாவும் கூட வருவாங்களா?"

அதற்குள் பேப்பரில், ஆபரேட்டரே இல்லாமல் நேராக வெளியூருக்குப் பேசுகிற போன் வரப்போகிறது என்று செய்தி. கமர் ஜஹான் கார்டோடு எக்ஸ்சேஞ்சுக்குப் போனாள்.

"வராதுடி, பயப்படாத. வந்தாலும் நிக்காது. நடுவுல ஆளு இல்லன்னா ஜனங்க யாருகிட்ட சண்டை போடுவாங்க? எழுதிட்டேன்."

மீனம்பாள் பதறவில்லை. "நீ வராதுன்னு சொன்னதெல்லாம் வந்துடுச்சு, கமரு. நீ எழுதுனா கட்டாயம் வந்துடும். தயவு செஞ்சு அந்தக் கார்டைக் கிழி."

"நான் இன்னா ஜோசியமா சொல்றேன்? கருத்துடி, கருத்து!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மேஜைமேல் இருந்த பிளக்குகள் அதிர்ந்தன. கமர் ஜஹான் வெளியே வந்து, கார்டைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, அதைத் திருப்பிக் கேட்டு வாங்கத் தபால்காரர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.