நாலு வீடு, ஒரு மந்தை

“…அப்போ பதினோரு வூடுண்ணா. பதினோரு நாளைக்கு ஒருக்காதான் ஆடு மேய்க்க நம்ம முறை வரும். இப்போ நாலு வூடுதான் கீது. எங்கம்மா படுத்துகினா மூணு. பொம்பளைங்க தெனம் மலை ஏறாம இன்னா பண்ணுவாங்க?” என்றான் ஸ்டான்சின், பாறைமேல் உட்கார்ந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்த என்னிடம். கார் நின்ற இடத்திலிருந்து அவன் ஊருக்கு அரை கிலோமீட்டர் ஏற்றம். அதற்குள் நான் நாலு தடவை உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்டான்சின் லடாக்காரன். ஒரகடத்தில் நான் லைன் லீடராக இருக்கும் உதிரிபாகத் தொழிற்சாலையில் மூன்று வருடமாக ஒப்பந்த ஆள். தமிழை எங்கள் லைனில் கற்றுக்கொண்டான். அறைத்தோழன் திருநெல்வேலிக்காரன் என்பதால் ‘கீது’வும் ‘ஏலே’யும் அவன் வாயில் ஒன்றாகக் குடித்தனம் நடத்தும். இந்த முறை நிரந்தரமாக்கும் பட்டியலில் அவன் பெயர் வந்திருக்கிறது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் அடுத்த பெயர். அவனோ, அம்மாவுக்கு நெஞ்சுச்சளிக் காய்ச்சல் என்று ஊருக்குப் போனவன், விடுப்பு முடிந்தும் திரும்பவில்லை. அவன் ஊரில் போன் எடுக்காது. எனக்கும் உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. “கால்ல சக்கரத்தக் கட்டிகினு பொறந்த ஆளு, போய்ட்டுத்தான் வாயேன்” என்று என் மனைவியே துணி மடித்துக் கொடுத்துவிட்டாள்.

செவ்வாய் காலை நாலு மணிக்குக் குன்றத்தூரில் கிளம்பினேன். டெல்லியில் ஒரு ராத்திரி. புதன் காலை லே. போகமட்டும் டிக்கெட் 11,400 ரூபாய். லே பதினோராயிரத்து ஐந்நூறு அடி உயரம். இரண்டு நாள் படுத்திருந்து உடம்பைப் பழக்கிக்கொண்டுதான் மேலே போக வேண்டும் என்றார்கள். என்னால் படுக்க முடிந்தால்தானே. கடைத்தெருவை ஆறு சுற்றுச் சுற்றித் தலைவலியை வாங்கிக்கொண்டேன்.

வெள்ளி காலை ஆறு மணிக்கு டாக்ஸி. இன்று கொண்டுவிட்டு, நாளை வந்து கூட்டிப்போக 9,000 ரூபாய். உப்ஷி வரை ஐம்பது கிலோமீட்டர், சிந்து நதி பக்கத்திலேயே வந்தது. கியா தாண்டியதும் பெரிய சாலையை விட்டு இடது பக்கம் கல் பாதை, பதினாலு கிலோமீட்டர். நடுவில் ஓர் ஓடையில் இறங்கி ஏறினோம். டிரைவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: “வெயில் ஏறினா மேல பனி உருகும். மதியத்துக்கு மேல இந்த ஓடையில வண்டி இறங்காது. நாளைக்கு ஏழு மணிக்கு வருவேன், ஏழேகாலுக்குக் கிளம்பணும்.” ஞாயிறு விடியற்காலை விமானம். அதைத் தவறவிட்டால் திங்கள் இல்லை.

ஊர் என்றால் ஒரு வாய்க்கால், வாய்க்கால் போகும் வரை பார்லிப் பச்சை, அதற்கு ஓரடி தள்ளினால் வெறும் மண். மேகம்கூட நிழல் தராமல் ஓடுகிறது. பதினோரு வீடுகளில் ஏழுக்குக் கூரை இல்லை. உத்திரத்தை உருவிக்கொண்டு போய்விட்டார்கள்; இந்த மரமில்லாத சீமையில் உத்திரம்தான் சொத்து.

மாலை ஐந்து மணிக்கு மந்தையோடு இறங்கி வந்தார் பக்கத்து வீட்டு யங்டோல் அக்கா. அறுபது வயதிருக்கும். இடது முழங்காலை இழுத்து இழுத்து வைத்தார். உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீரோடு ஊர்க்கதையும் அவர்தான் சொன்னார், ஸ்டான்சின் தமிழாக்கினான்.

உப்பால் பிறந்த ஊராம் அது. மேட்டு ஏரியிலிருந்து ஆட்டு முதுகில் உப்பு மூட்டை ஏற்றி வருகிறவர்கள் தங்கிய இடம். உப்பைக் கொடுத்துக் கீழூரில் பார்லி வாங்குவார்கள். தங்கினவர்களில் சிலர் வாய்க்கால் வெட்டி நின்றுவிட்டார்கள். பிறகு சாலை வந்தது, பொட்டலத்தில் உப்பு வந்தது. பிள்ளைகளைப் படிக்கவைக்க ஒவ்வொரு குடும்பமாக லேக்கு இறங்கியது.

“‘போற வூடு கதவச் சாத்திகினு போவுது, மந்தைய நம்ம வாசல்ல வுட்டுட்டுப் போவுது’ன்னு அக்கா சொல்லுதுண்ணா,” என்றான் ஸ்டான்சின்.

எல்லா வீட்டு ஆடும் ஒரே மந்தை. முறைவைத்து ஒரு நாள் ஒரு வீடு மேய்க்கும். ஓநாய் உண்டு, போன வாரம் இரண்டு குட்டி போயிற்று. இன்று யங்டோல் முறை, நாளை சனி ஸ்டான்சின் வீட்டு முறை. அடுத்தது புதன், அதற்குள் அம்மா எழுந்துவிடுவார். இடிப்பது இந்த ஒரு நாள்தான்.

“நான் மேய்க்கிறேன், ஒரு நாள்தானே,” என்றேன். ஸ்டான்சின் அதை மொழிபெயர்த்ததும் யங்டோல் அக்கா தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அண்ணன மேய்க்க இன்னொரு ஆள் வேணுமாம்.”

கடைசியில் அக்காவே நாளையும் போவதாகச் சொன்னார். ஸ்டான்சின் வாய் திறக்கும்முன் கையை வீசி அடக்கினார். மூலையில் படுத்திருந்த அவன் அம்மா இருமலுக்கு நடுவே ஏதோ சொன்னார். “கையெழுத்துப் போட்டுட்டு வான்னு சொல்லுது,” என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

எங்கள் பக்கத்து நிலைமையை நினைத்துக்கொண்டேன். வடக்குப்பட்டுப் பக்கம் வேலிக்கு வேலி தொழிற்சாலை. மாடு நிற்க இடமில்லை, ஆள் வந்து குவிகிறது. இங்கே கண்ணுக்கெட்டியவரை இடம் கிடக்கிறது, நிற்க ஆளில்லை. ஊர் கூடி இழுக்கிற தேர் என்கிறோம். ஆள் குறையக் குறைய வடம் எவ்வளவு கனக்கும் என்று இழுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சனி காலை, ஆறே முக்கால். ஏழுக்கு முன்பே டாக்ஸி வந்து கீழே நின்று ஒலி எழுப்பியது. இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பாதி வழியில்தான் பட்டி. யங்டோல் அக்கா எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தார். முழங்காலில் கம்பளித் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். துண்டுக்கு மேலும் கீழும் வீங்கித் தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு பட்டிக் கதவை நெம்பினார். எங்களைப் பார்த்ததும் சுவரை விட்டுவிட்டு நேராக நின்றார். போ, போ என்று கையாட்டினார்.

“நட டேய், ஏழாவப்போவுது,” என்றேன். “ஒரு நாள். ஒரே ஒரு நாள். அவங்களே சொல்றாங்க இல்ல?”

அவன் நின்றான். “மொத நாளு லைன்ல நீதானண்ணா சொன்ன, மாத்து ஆளு வராம மெஷின வுட்டு நவுறாதன்னு. மாத்து ஆளு எப்டி நிக்குது பாரு.”

“அது மெஷின்டா. இது உன் பொழப்பு.”

“இதுவும்தாண்ணா,” என்றான். “அடுத்த பேரு யாருதுண்ணா?”

ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி, நம் லைனில் மூன்றாவது ஸ்டேஷன் என்றேன்.

“நல்லா வேல செய்வா,” என்றான். என் பையை மட்டும் காருக்குக் கொண்டுபோய் வைத்தான். ஏறி வந்து யங்டோல் அக்காவைச் சுவரோரக் கல்லில் உட்காரவைத்துப் பட்டிக் கதவைத் திறந்தான். முட்டிக்கொண்டு வெளியே வந்த ஆடுகளின் முதுகை ஒவ்வொன்றாகத் தொட்டு, அறுபத்தேழு வரை, தமிழில் எண்ணினான்.