கிளட்ச் மிதிக்கிற கால்

அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் ஓட்டினேன். இடது கால் போனால் கிளட்ச் போச்சு, கிளட்ச் போனால் சோறு போச்சு. அதனால் அந்தக் காலைப் பற்றி நான் யாரிடமும் உண்மை சொன்னதில்லை.

ஒருமுறை தார்ப்பாய் கட்டிவிட்டு லோடு மேலிருந்து குதித்ததில் இடது கணுக்கால் உடைந்தது. மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் ஊன்றாதே என்றார்கள். மூன்றாம் வாரம் கட்டைத் தண்ணீரில் ஊறவைத்து நானே கத்தியால் அறுத்தெறிந்துவிட்டு வண்டி எடுத்தேன். ஆறிப்போச்சு என்று நினைத்தேன், முட்டாள்.

பத்து வருடம் கழித்து வலி ஆரம்பித்தது. காலையில் முதல் பத்து அடி சுவரைப் பிடித்துத்தான் நடப்பேன். சாயங்காலம் கணுக்கால் பன் மாதிரி வீங்கும். வாயு என்று நானே முடிவு செய்துகொண்டேன். மருந்துக்கடையில் கால்வலி என்றால் நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். 'செட்டு' என்போம். என்ன மாத்திரை என்று கடைக்காரரும் சொல்ல மாட்டார், நானும் கேட்க மாட்டேன். எங்கள் டிரைவர்களில் பாதிப் பேர் சட்டைப்பையில் அது இருக்கும்.

போன மழைக்கு முன்னால் குவாரிச் சரிவில் லோடோடு இறங்கும்போது கியரைக் குறைக்கக் கிளட்சை மிதித்தேன். கால் பாதியில் நின்றுவிட்டது. கியர் விழாமல் வண்டி ஓடி மண்மேட்டில் முட்டி நின்றது. மேட்டுக்கு அந்தப் பக்கம் நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளியிடம் கிளட்ச் இறுகிப்போச்சு என்றேன். அவர் மெக்கானிக்கைக் கண்டபடி திட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை.

நடந்ததெல்லாம் கேள்விப்பட்ட என் மனைவி விடவில்லை. பெரம்பலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். எக்ஸ்ரே படத்தில் எலும்புகளுக்கு நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியைக் காணோம். குருத்தெலும்பு தேய்ந்து, எலும்பும் எலும்பும் உரசுகிறதாம்.

"இது வாயு இல்லைங்க. அந்தப் பழைய முறிவு சரியா கூடல, அதான் மூட்டு தேஞ்சிருக்கு. நீங்க சாப்பிட்ட மாத்திர வலியத்தான் மறைச்சுது."

தேய்ந்தது திரும்ப வளருமா என்று கேட்டேன். வளராது என்றார். கணுக்காலுக்குப் பட்டை, நல்ல ஷூ, உடம்பைக் குறைப்பது. அதற்கும் அடங்காவிட்டால் மூட்டை அசையாமல் சேர்த்துவைக்கிற ஆபரேஷன். வலி குறையும், கணுக்கால் மடங்காது.

"அப்ப கிளட்ச்?"

"அத மறந்துடுங்க."

பஸ்ஸில் என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்த மெக்கானிக்கு மூஞ்சில எப்படி முழிப்பீங்க?"

மறுநாள் ஷெட்டுக்குப் போனேன். அவனும் இருந்தான். "கிளட்ச் நல்லாத்தாங்க இருந்துச்சு. என் காலுதான் சரியில்ல," என்றேன் முதலாளியிடம். எத்தனை நாளாக என்று கேட்டார். சொன்னேன். கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

மெக்கானிக் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஷெட் வாசலில் மூன்றே படி. இறங்க எனக்கு வெகுநேரம் ஆனது.