நூற்று இருபத்தாறு பொருளும் ஒரு டம்ளர் டீயும்

ஒரே ஒரு வார்த்தையோடு ஒன்பது மாதம் குடித்தனம் நடத்தியவளைக் கண்டதுண்டா? அகராதி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலோர மேசையில் அப்படி ஒருத்தி இருந்தாள். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதுவது அவள் வேலை. எதைக் கண்டாலும் சேர்த்து வைப்பதால் அலுவலகத்தில் அவளுக்கு எறும்பு என்று பெயர். அவள் கையில் சிக்கிய வார்த்தை 'செட்'.

ஆங்கிலத்தில் மூன்றெழுத்துதானே, மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. கிழவர் வாயில் மாட்டுகிற பல்வரிசையும் செட், டென்னிஸ் ஆட்டத்தில் ஒரு பகுதியும் செட். அலாரம் வைத்தாலும், உடைந்த எலும்பைப் பொருத்தினாலும், ஊற்றிய சிமெண்ட் இறுகினாலும், சூரியன் மறைந்தாலும் வெள்ளைக்காரனுக்கு அதே வார்த்தைதான். பஸ்ஸில் கேட்டதை டிக்கெட்டின் பின்னால் எழுதினாள். பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே குறிப்பெடுத்தாள். நூற்று இருபத்தாறு பொருள் சேர்ந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"எங்கம்மாவுக்கும் உனக்கும் செட் ஆகலன்னு ஊரே சொல்லுதே, அதையும் சேர்த்துக்கோ" என்றான் கட்டில் கடை வைத்திருக்கும் கணவன்.

"அது இங்கிலீஷ்ல கிடையாதுங்க. நாமளா உண்டாக்கினது."

"செட் ஆகலன்னு எவ சொன்னா?" என்று சமையலறையிலிருந்து மாமியார் குரல் வந்தது. சிரித்துச் சிரித்து மருமகளுக்கு வயிறு வலித்துவிட்டது.

ஆனால் அவள் உயிரையே வைத்திருந்தது கடைசிக் குறிப்புச் சீட்டில். அதில்தான் வார்த்தையின் பிறப்பு இருந்தது. அது ஒரு வார்த்தையே அல்ல, இரண்டு! ஒன்று, உட்காரவைப்பது என்ற பொருளில் இங்கிலாந்து மண்ணிலேயே பிறந்தது. மற்றது, ஒருவர் பின்னால் நடக்கும் கூட்டம் என்ற பொருளில் லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. காலப்போக்கில் எது எந்த வீட்டுப் பிள்ளை என்றே தெரியாமல் இரண்டும் கலந்துவிட்டன. இது அச்சில் வந்தே தீரவேண்டும் என்று அவள் தவம் கிடந்தாள்.

அங்கேதான் வந்தது வினை. அந்த அலுவலகத்தில் ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. எழுதியதை எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். டீத்தட்டு மேசைக்கு வந்துவிடும். முதல் கை டம்ளரைத் தொட்ட இடத்தில் தலைமைப் பதிப்பாசிரியர் வாசிப்பை நிறுத்துவார்; அதுவரை வாசித்தது மட்டுமே அச்சேறும். அதற்குமேல் கேட்க ஆளில்லையென்றால் படிக்கவும் ஆளிருக்காது என்பது அவர் கட்சி. பிறப்புக் குறிப்பு எப்போதும் கடைசியில் வருவதால், நீளமான வார்த்தை எதற்கும் இதுவரை பிறப்பு அச்சேறியதில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எழுந்து நின்றாள். வாசிக்க வாசிக்க ஒரு போதை ஏறியது. கொத்தனார் மாதிரி சிமெண்டைத் தட்டிக் காட்டினாள், டாக்டர் மாதிரி எலும்பைத் திருகினாள். முதல் டம்ளருக்கு எப்போதும் பறக்கும் தட்டச்சுக்காரி வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தாள். ஐம்பது தாண்டியது, நூறு தாண்டியது, தட்டில் ஒரு கையும் விழவில்லை. நூற்றுப் பத்தொன்பதில் எறும்புக்குத் தொண்டை வறண்டது. கண் காகிதத்தில் இருக்க, கை தானாக நீண்டு ஒரு டம்ளரைப் பிடித்தது.

அவளுடைய கைதான்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விதியை உண்டாக்கினவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நிறுத்திக்கிறேன் சார்" என்றாள்.

"ஐயோ, நிறுத்தாதீங்கக்கா" என்றாள் தட்டச்சுக்காரி. "அந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது."

தலைமைப் பதிப்பாசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கேட்க ஆளில்லன்னாதான் நிறுத்தணும்" என்றார். "நீங்க டீயைக் குடிச்சிட்டு மெதுவாப் படிங்கம்மா. எனக்கும் அது தெரியணும்."