சக்கரத்தடியில் வைக்காத பழம்

ஆஸ்பத்திரி வாசலில் அண்ணனை லாரியில் ஏற்றியதும் கிளீனர் எலுமிச்சம்பழங்களோடு முன்சக்கரத்தருகே குனிந்தான். எந்த லாரி கிளம்பினாலும் சக்கரத்தடியில் பழம் வைத்து நசுக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். அழுதுகொண்டிருந்த நான் எழுந்து போய் அவன் கையைப் பிடித்தேன்.

அண்ணன் புளியங்குடியிலிருந்து எலுமிச்சை லோடு ஏற்றிக்கொண்டு புளியறை மலைப்பாதை வழியாகக் கேரளத்துக்கு ஓட்டியவன். ஒருமுறை திரும்பி வருகையில் மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. லாரி பாறையில் உரசி நின்றது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அதன்பிறகு ஒவ்வொரு வளைவிலும் கிளீனரை இறக்கிப் பழம் வைக்கச் சொன்னான். அம்மா அதைப் பக்தி என்று நினைத்தாள். பழம் வைத்தும் மனசு அடங்காதபோது குடி வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் மதுவிலக்கு. மலைக்கு அந்தப் பக்கம் கடை திறந்திருந்தது. குடித்துவிட்டு இறங்கினான். பிறகு வீட்டிலும் குடித்தான்.

அம்மா அவனைக் குற்றாலத்துக்கு இழுத்துப் போனாள். தலையில் எண்ணெயை அப்பி, குடிக்க விடாமல், காலையும் மாலையும் அருவியில் நிறுத்தினாள். இரைச்சலில் அவனுக்கு மூச்சு முட்டியது. கை கால் உதறியது. அங்கிருந்துதான் தென்காசி டாக்டரிடம் தூக்கி வந்தோம்.

"இவர அருவியில நிறுத்துனது யாரு?" என்றார் டாக்டர்.

"நாந்தான் டாக்டரையா. சித்தம் கலங்குனவங்கள அங்கனதானே நிறுத்துவாவ."

"சித்தம் கலங்கலம்மா. உம்ம பிள்ள பயந்துபோயிருக்காரு." அண்ணன் பக்கம் திரும்பினார். "குடிக்காட்டா என்னவே செய்யுது?"

அதுவரை எல்லோரும் ஏன் குடிக்கிறாய் என்றுதான் திட்டியிருந்தோம். இப்படி யாரும் கேட்டதில்லை. அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "நெஞ்சு படபடன்னு அடிக்கி சார். இப்பவே செத்துருவேன்னு தோணுது. லாரிய விட்டா எனக்கு வேற தொழில் தெரியாது."

குடியை மட்டும் பிடுங்கினால் பயம் அவனை மறுபடி கடைக்கே அனுப்பும், பயத்துக்கு மட்டும் மருந்து கொடுத்தால் குடி அதைக் கெடுக்கும், இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் வைத்து உதறலை அடக்கினார். பிறகு நிற்கும் லாரியில் உட்காரச் சொன்னார். அப்புறம் செங்கோட்டை வரை, அதற்கும் அப்புறம் மலைக்கு. வீட்டு ஆள் ஒருவர் கூடப் போகட்டும் என்றார். பயம் வந்தால் ஓடாதே, பழம் வைக்காதே, அது ஏறிவிட்டுத் தானாக இறங்கும் என்பது அவர் சொல். அம்மாவுக்கு நம்பிக்கையில்லை. நான் போனேன்.

மலையில் பிரேக் பிடிக்காமல் போன அதே வளைவுக்கு முன்னால் அண்ணன் லாரியை ஓரங்கட்டினான். வேர்வையில் சட்டை நனைந்துவிட்டது.

"ஏட்டி, வருது."

"வரட்டும்ணே. இருந்து பாப்போம்."

கிளீனர் பழத்தோடு இறங்கப் பார்த்தான். நான் அதைப் பிடுங்கி அண்ணன் கையில் கொடுத்தேன். அவன் நகத்தால் தோலைக் கீறி மோந்துகொண்டே இருந்தான். பின்னால் வந்த லாரிக்காரன், "என்ன அண்ணாச்சி, தங்கச்சிக்கு மலை காட்டுதீரா?" என்று கத்திவிட்டுப் போனான். வெகுநேரம் கழித்து அண்ணன் மூச்சு விட்டான்.

"ஏட்டி, அது போயிட்டு. நான் சாகல."

"செத்தவன் பேசுவானாக்கும்? வண்டிய எடு."

சிரித்துக்கொண்டே இறக்கினான். அதன்பின் பயம் வராமல் இல்லை; வரும், போகும். நடுவில் ஒருமுறை குடித்தான். மறுநாளே தானாக டாக்டரிடம் போய் நின்றான். பிறகு தொடவில்லை. ஆனால் ஈரல் முன்பே கெட்டிருந்தது. மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோய்விட்டது. குடித்தே செத்தான் என்கிறார்கள் ஊரில். நான் அப்படி யாரையும் பேச விடுவதில்லை. குடியை விட்டுவிட்டு, அந்த மலையைத் தாண்டி எத்தனையோ லோடு ஓட்டியவன் என் அண்ணன்.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் கிளீனரிடம், "வைக்காத. அண்ணன் இப்பல்லாம் வைக்கதில்ல" என்றேன். அவன் தேம்பிக்கொண்டே ஒரு பழத்தை என்னிடம் கொடுத்தான். நகத்தால் தோலைக் கீறி, அண்ணன் கைக்குள் வைத்து மூடினேன். டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னேன்.