என் நாலு கேமராவும் எதிர் வீட்டு ஒற்றைக் கேமராவும்

காலையில் தர்மபுரி பஸ்ஸில் எதிர் வீட்டு சுமதி என் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் தன் வாசலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"டீச்சர், உங்க வூட்டு கேட்டு தொறந்து கெடக்குதுங்க. ஆடு பூந்து ரோஜாச் செடிய மேயுது."

போனிலேயே, "ஏய், அந்தாண்ட போ," என்று அதட்டினார். அங்கே அவர் கேமராவிலிருந்து சத்தம் கேட்டு ஆடு ஓடியது.

அவரிடம் இருப்பது ஒரே கேமரா. என்னிடம் நாலு. ஆனால் அவற்றைப் பார்க்கும் வெப்சைட், வீட்டிலிருக்கும் பழைய கம்ப்யூட்டரின் பழைய பிரவுசரில் மட்டும்தான் திறக்கும். வீட்டைக் கண்காணிக்க நான் வீட்டிலேயே இருக்க வேண்டும்.

"உங்க கேமராவுல தெரியலீங்களா?" என்று வேறு கேட்டார்.

"ரெக்கார்டு ஆகுதுங்க," என்றேன், வயிறு எரிய.

அவர் கேமராவை இன்னும் கொஞ்சம் என் வீட்டுப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்ல வேண்டும். கௌரவம் குறையாமல் எப்படிக் கேட்பது, சொல்லுங்கள்.