இசக்கிக்குக் கொடுத்த டெல்லி விண்ணப்பம்

டெல்லிக் கல்லூரியின் கவரைப் பிரித்ததும் பசை வாசனை அடித்தது... உள்ளே வழவழப்பான தாளில் ஒரே ஒரு விண்ணப்பப் படிவம். தொண்ணூறுகளின் நடுவில், பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம்.

தப்பு வந்தால் வேறு படிவம் கிடையாது. அதனால் முதலில் பென்சிலில் எழுதி, பிறகு அதன்மேல் பேனாவால் எழுதுவோம். கடைசிப் பக்கத்தில், ‘இங்கே ஏன் படிக்க விரும்புகிறாய்?’ என்று பத்து வரி இடம் விட்டிருந்தார்கள். இரண்டு நாள் யோசித்து ஆங்கிலத்தில் எழுதினேன். தாமிரபரணி பிறக்கும் மலையையும் அது கடலில் சேரும் இடத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், எனக்கு அதைவிடத் தூரம் போக வேண்டும் என்று.

பேனாவை எடுக்குமுன் அப்பா பார்த்துவிட்டார்.

“பாளையங்கோட்டைல இல்லாத காலேஜா? அங்கன போயி காய்ச்சல்னு படுத்தேன்னா, நாங்க வந்து சேரவே மூணு நாளாவும்.”

அவ்வளவுதான்.

வகுப்புத் தோழன் இசக்கி, சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருபவன், வீட்டுக்கு வந்தபோது என் மேசையில் படிவத்தைப் பார்த்தான்.

“ஏலே, நீ அனுப்பலைன்னா எனக்குத் தாயேன். சும்மாதான கெடக்கு.”

கொடுத்தேன். நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம். என்னைவிட அவனுக்கு மார்க் குறைவு. சீட் கிடைக்காது என்ற தைரியம்.

என் பெயர், அப்பா பெயர், முகவரி எல்லாவற்றையும் ரப்பரால் அழித்தான். கடைசிப் பக்கத்தில் நிறுத்தினான்.

“இதை அழிக்க மனசு வரல லே. அப்படியே இருக்கட்டுமா?”

“இருந்துட்டுப் போட்டும்.”

அவனை நேர்காணலுக்கு அழைத்தார்கள். போய்விட்டு வந்து சொன்னான்: “அந்த ஆத்து விஷயத்தத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாவ. சீட்டு கெடச்சிட்டுலே.”

அன்று அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். என் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் காசு கொடுக்கப் போனேன்...

நான் பாளையங்கோட்டையில் சேர்ந்தேன். பிறகு இதே ஊரில் செய்தியாளன். அவன் டெல்லியிலேயே தங்கிவிட்டான். ஊருக்கு வரும்போதெல்லாம், “நீ குடுத்து வச்சவம்லே, மூணு வேளையும் வீட்டுச் சாப்பாடு” என்பான். மனதாரத்தான் சொல்கிறான். அதனால் சண்டையும் போட முடியவில்லை.

இந்த வருடம் என் மகள் செல்போனிலேயே நான்கு மாநிலங்களுக்கு விண்ணப்பித்தாள். இரண்டு இடங்களில் கிடைத்தது.

“புனேயாப்பா, கோயம்புத்தூரா?”

அவள் கேட்டு முடிப்பதற்குள் “புனே” என்றேன்.

போன வாரம் ரயிலேற்றிவிட்டு வந்தேன். பெண்ணைப் பிரிந்த வருத்தம் என்று வீட்டில் நினைக்கிறார்கள். பாதி அதுதான். மீதி பொறாமை... அதை அவளிடம் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.